தாளின் அடியில் இருந்த வரி

2006ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, கூடலூரிலிருந்து ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வயது ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். வெள்ளைச் சட்டை, கணுக்கால் வரை இறக்கிவிட்ட வேட்டி, கையில் ஒரு துணிப்பை. உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்து, உள்ளங்கையால் இரண்டு முறை நீவினார்.

"எங்க புள்ளையப் பத்தி உங்க பெட்டிக்குள்ள என்ன எழுதி வச்சிருக்கீக?" என்றார்.

பெட்டி என்று அவர் சொன்னது கணினியை.

அது ஒரு திருமணத் தகவல் மையம். தேனி அல்லிநகரத்தில் உரக்கடை ஒன்றின் மாடியில் இருந்தது. கீழே மூட்டை இறக்கும்போதெல்லாம் மேலே எங்களுக்குத் தும்மல் வரும். நடத்தியவர் வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரை சார் என்றே கூப்பிடுவார்கள். வரன்களின் விவரங்களைத் தட்டச்சு செய்ய ஆண்டிபட்டியிலிருந்து ஒரு பெண் தினமும் பஸ்ஸில் வந்தாள். இருபத்து நான்கு வயது. மூன்றாவது ஆள் நான். அதற்கு முன்பு மதுரையில் ஒரு நாளிதழில் ஆறு வருடம் துணை ஆசிரியராக இருந்தேன். கணவருக்குத் தேனிக்கு மாற்றலானபோது வேலையை விட்டேன். பிறகு ஜாவா என்ற கணினி நிரல்மொழி படித்தேன். மையத்தின் இணையதளத்துக்கு நிரல் எழுதியது நான். வாரத்தில் மூன்று நாள் போய் அதைப் பார்த்துக்கொள்வேன்.

வந்தவர் விரித்த தாள், அவருடைய மகளைப் பற்றி எங்கள் தளத்தில் உள்ள பக்கத்தின் அச்சுப்படி. பெயர், படிப்பு, நட்சத்திரம், புகைப்படம், அப்பாவின் தொழில், திராட்சைத் தோட்டத்தின் அளவு. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. குறை, தாளில் இல்லாத ஒரு வாக்கியத்தைப் பற்றியது.

உத்தமபாளையத்தில் ஒரு வீட்டாருக்கு இந்த வரன் பிடித்திருந்தது. ஆடி முடிந்ததும் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து ஜாதகம் பொருந்தவில்லை என்று தகவல் வந்தது. இவர் நடுவில் இருந்த ஆளை விடாமல் கேட்டார். அந்த ஆள் கடைசியில் ஒரு வாக்கியத்தைச் சொன்னார். அதை இவர் எங்களுக்கு ஒப்பித்தார்.

"'மேற்படி பெண்ணுக்கு முன்னர் ஒரு நிச்சயம் நடந்து நின்றுள்ளது. காரணம் தெரியவில்லை.' இப்பிடித்தான் உங்க பெட்டியில இருக்காம். மேற்படின்னா எந்தப் படிங்க? என் மக என்ன பட்டா நிலமா?"

அந்த வாக்கியத்தை எழுதியவர் சார்தான். மேற்படி என்று எழுதாமல் அவருக்கு ஒரு வரியும் ஓடாது.

"நின்னது நெசந்தான். நான் மறைக்கல. பொண்ணு பாக்க வரயில, மாப்பிள்ளையோட அப்பாவ ஓரமாக் கூட்டிட்டுப் போயி நானே சொல்றதுன்னு இருந்தேன். அதுக்குள்ள உங்க பெட்டி முந்திக்கிருச்சு. அதுவும் காரணம் தெரியலையாம்ல! என்னையக் கேட்டா சொல்லியிருக்க மாட்டேனா?"

ஆவணி பிறப்பதற்குள் பதில் வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார். தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இந்தப் பக்கத்தில் கல்யாணம் பேசுவதற்கு முன் விசாரிப்பது வழக்கம். வீட்டுக்குத் தெரியாமல் தெருமுனை மளிகைக் கடையில், பால் ஊற்றுபவரிடம், பழைய வாடகை வீட்டுக்காரரிடம் கேட்பார்கள். சார் அந்த வேலையைத் தானே செய்தார். மொபெட்டில் கூடலூர் வரைக்கும் போய் வருவார். விசாரித்ததை மறுநாள் காலையில் சொல்லச் சொல்ல, ஆண்டிபட்டிப் பெண் தட்டச்சு செய்வாள். அது அந்த வரனின் பக்கத்தில் மேலே ஒரு மஞ்சள் கட்டத்துக்குள் வரும். அதற்குப் பெயர் அலுவலகக் குறிப்பு. குடும்பங்கள் கேட்டால் சார் அதிலிருந்து பக்குவமாக வாயால் சொல்வார். கட்டத்தை யாருக்கும் காட்டுவதில்லை.

அதை மறைத்து வைக்கும் ஏற்பாடு நான் செய்தது. இணையப் பக்கத்தின் முகவரியில் ஒரு கேள்விக்குறி வரும். அதற்குப் பின்னால் இருப்பது நாம் அந்தத் தளத்திடம் கேட்கும் விஷயம். ?id=318 என்றால் 318ஆம் எண் வரனைக் காட்டு என்று பொருள். ஜாவா நிரல் அதைப் படித்து அந்தப் பக்கத்தை உருவாக்கி அனுப்பும். கூடவே இன்னொன்றும் கேட்கலாம். நான் வைத்திருந்தது &view=office. அது இருந்தால் மஞ்சள் கட்டத்தோடு பக்கம் வரும். இல்லாவிட்டால் கட்டம் இல்லாமல் வரும். கடவுச்சொல் போட்டு உள்ளே வந்தவர்களுக்கு மட்டுமே கட்டத்தோடு வரும் பக்கத்துக்கான தொடுப்பு, அதாவது லிங்க், கண்ணில் படும். அச்சில் கட்டம் வரக் கூடாதென்று, அச்சுக்குப் போகும்போது மட்டும் அது மறையும்படி எழுதியிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கூடலூர்க்காரர் போனதும் சார் மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். கோபம் வந்தால் அவர் அப்படித்தான் செய்வார்.

"கடவுச்சொல்லு எத்தன பேருக்குத் தெரியும்?"

"மூணு பேருக்கு சார்."

"நான் சொல்லல. நீ சொன்னியா?"

"இல்ல சார்."

மூன்றாவது ஆளிடம் அவர் கேட்கவில்லை. அவள் திரையைப் பார்த்து எதையோ தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். அவளுடைய விரல்கள் வழக்கத்தைவிட மெதுவாகப் போவதைக் கவனித்தேன்.

நாளிதழின் செய்திப் பிரிவில் எனக்குப் பழக்கிய முதல் விஷயம், ஒரு செய்தி எப்படி வந்தது என்பதை அதன் வார்த்தைகளிலிருந்தே கண்டுபிடிப்பது. காதில் விழுந்து பரவியதென்றால் வார்த்தை மாறியிருக்கும். இங்கே மேற்படி மாறவில்லை, நின்றுள்ளது மாறவில்லை. ஆகவே யாரோ திரையைப் பார்த்துப் படித்திருக்க வேண்டும், அல்லது எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இந்தக் கணக்கில் எனக்கு இன்றும் தவறு தெரியவில்லை. அடுத்த அடியில்தான் தவறினேன். திரை என்றால் எங்கள் அலுவலகத்தில் இருந்த ஒரு திரை என்று எடுத்துக்கொண்டேன்.

யார் எப்போது எந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள் என்று தளமே குறித்து வைக்கும் வசதி உண்டு. இடம் பிடிக்கிறதென்று நான்தான் அதை நிறுத்தி வைத்திருந்தேன். அதனால் ஆளைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தேன். அவளுக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறை கைப்பேசியில் அழைப்பு வரும். எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போய்ப் பேசுவாள். மேசையில் கையகல நோட்டு ஒன்று வைத்திருந்தாள்; யாராவது பக்கத்தில் வந்தால் மூடுவாள். இரண்டு வருடமாக இதெல்லாம் என் கண்ணில் பட்டிருக்கிறது, ஆனால் மறுநாள் புதன்கிழமைக்கு முன்பு எனக்கு எதுவும் தோன்றியதில்லை.

அன்று மதியம் அவள் டிபன் பாக்ஸ் கழுவப் போனபோது நோட்டைத் திறந்தேன். எண்களும் எழுத்துகளுமாக இருந்தது. "318 - கூ 1, உ.பா 2." அதற்குக் கீழே, "322 - போ 1." தேதிகள். பக்கம் பக்கமாக இப்படியே. 318 கூடலூர்ப் பெண்ணின் எண். உ.பா என்பது உத்தமபாளையம். நான்கு வரிகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டேன். நோட்டை இருந்த இடத்தில் வைத்தேன். சீட்டை சாரிடம் கொடுத்தேன்.

அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுப்பையும் சேர்த்துப் போட வேண்டும் என்பது பத்திரிகையில் முதல் வாரத்தில் சொல்லித் தருவது.

சார் சீட்டைப் படித்துவிட்டு அவளைக் கூப்பிட்டார். நோட்டைப் பற்றிப் பேசவில்லை. "ஆத்தா, ஆவணி பொறக்குற வரைக்கும் வீட்டுல இரு. நான் கூப்பிட்டு விடுறேன்" என்றார்.

"எதுக்கு சார்?"

"ஆடியில என்ன வேலை கெடக்கு? இரு."

அவள் பையை எடுத்தாள். நோட்டை எடுத்தாள். வாசல் வரைக்கும் போனவள் திரும்பி என்னிடம் வந்தாள்.

"அக்கா, இந்த நோட்ட நான் எப்பவும் அட்டை மேல தெரியிற மாதிரிதான் வைப்பேன். இன்னைக்குக் குப்புறக் கெடந்துச்சு."

அவள் பதிலுக்கு நிற்கவில்லை.

ஆவணிக்கு அப்போது பதினைந்து நாள் இருந்தது. அதற்குள் சார் ஒரு முடிவு எடுப்பார். அவளை நிறுத்தினால் ஏன் நிறுத்தினார் என்று ஊர் கேட்கும். அவரும் சொல்வார், மையத்தின் பெயரைக் காப்பாற்ற வேறு வழி இல்லை. பெண் வீட்டு விஷயத்தை வெளியே விட்டவள் என்ற பேச்சோடு தேனியில் இன்னொரு அலுவலகத்தில் அவளால் போய் உட்கார முடியாது. அவளுக்கும் வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளைப் பற்றி விசாரிக்க வருபவர்களுக்கும் இதே பேச்சு காதில் விழும். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சீட்டைக் கொடுத்தேன்.

"இது போதாது. வெறும் நம்பரு" என்றார் சார். "உத்தமபாளையத்துக்காரவுகளுக்கும் இவளுக்கும் என்ன பழக்கம்னு தெரியணும். நீ போயி விசாரி. பேப்பர்ல இருந்தவதான?"

சனிக்கிழமை காலையில் உத்தமபாளையம் போகக் கம்பம் பஸ் ஏறினேன். மாப்பிள்ளையின் அக்கா ஆரம்பப் பள்ளி ஆசிரியை. கல்யாணம் ஆகிப் பிறந்த வீட்டுத் தெருவிலேயே இருந்தார். வரன் பார்க்கும் வேலையெல்லாம் அவர் கையில்தான் இருந்தது. மையத்திலிருந்து வருகிறேன் என்றதும் முறுக்கும் காபியும் வந்தன. குற்ற உணர்ச்சிக்கான அடையாளம் எதுவும் அவர் முகத்தில் இல்லை. அதனாலேயே எனக்கு அவர்மேல் சந்தேகம் கூடியது.

"ஆண்டிபட்டியில உங்களுக்கு யாரும் சொந்தம் இருக்காகளா?" என்று ஆரம்பித்தேன்.

"ஆண்டிபட்டியா? வைகை டேம் பாக்கப் போனதோட சரி. ஏங்க்கா, தம்பிக்கு அங்கன எதுவும் வரன் இருக்கா?"

"இல்ல, கேட்டேன். கூடலூர்ப் பொண்ணுக்கு நிச்சயம் நின்ன விஷயம் உங்களுக்கு யாரு சொன்னாக?"

"யாரும் சொல்லலையே. நீங்க குடுத்த பேப்பர்லதான் இருந்துச்சு."

"பேப்பர்ல அது இல்லங்க."

"பேப்பர்ல இல்ல. பேப்பர்ல போட்டிருந்த அட்ரஸ்ல."

உள்ளே போய் ஒரு தாளை எடுத்து வந்தார். கூடலூர்க்காரர் எங்கள் மேசையில் விரித்த அதே பக்கத்தின் இன்னொரு படி. அங்கே நான் பெயரைப் பார்த்தேன், படத்தைப் பார்த்தேன், அடியைப் பார்க்கவில்லை. இப்போது அவர் விரலை அடியில் வைத்தார். வலது ஓரத்தில் அச்சடித்த தேதி. இடது ஓரத்தில் எறும்பு ஊர்ந்தது போலச் சின்ன எழுத்தில் ஒரு வரி. பக்கத்தின் முழு முகவரி. பிரவுசர் எந்தத் தாளை அச்சடித்தாலும் அடியில் தானாகப் போட்டுவிடும் வரி அது. கடைசியில் ?id=318&view=office என்று இருந்தது.

அந்த வரியின் ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தது. கேள்விக்குறிக்குக் கீழே ஒன்று. சமக்குறிக்குக் கீழே ஒன்று. & குறிக்குக் கீழே இரண்டு; அதைத் தட்டச்சுப் பலகையில் தேடக் கொஞ்ச நேரம் பிடித்ததாம்.

"போட்டோ கருகருன்னு இருந்துச்சுக்கா. மூக்கு எங்க, முழி எங்கன்னு தெரியல. தம்பிகிட்டக் காட்டுனா, 'என்னக்கா, சிலேட்டக் கொண்டாந்து காட்டுற'ங்குறான். சரி, கலர்ல பாத்துருவோம்னு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அங்கன இருந்த பொண்ணு, சைட்டு பேரு மட்டும் போட்டா போதும்னு சொல்லுச்சு. நான் விடல. அட்ரஸுன்னா முழுசாப் போடணும்ல? பின்கோட விட்டுட்டா லெட்டரு வந்து சேருமா?"

"போட்டீகளா?"

"ஒரு எழுத்து விடாமப் போட்டேன். பிள்ளைகளுக்கு டிக்டேஷன் திருத்துற மாதிரி புள்ளி வச்சு வச்சுப் போட்டேன். வந்துச்சு. போட்டோ நல்லா பளிச்சுன்னு வந்துச்சு. மேல மஞ்சக் கட்டத்துல அந்த விஷயமும் வந்துச்சு."

"இது நாம பாக்கக் கூடாததுன்னு தோணலையா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். புதன்கிழமையிலிருந்து நான் மற்றவர்களைப் பார்த்த பார்வை அது.

"ஏன் தோணணும்? பேப்பரு நீங்க குடுத்தது. அட்ரஸு நீங்க போட்டது. நல்லதையும் கெட்டதையும் மறைக்காமச் சொல்ற எடம் போலன்னு நெனச்சோம். எங்க அப்பா கூட, நேர்மையான ஆளுகன்னு சொன்னாக."

தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சின்னமனூர் தாண்டும் வரை அந்த வரியையே பார்த்துக்கொண்டு வந்தேன். நடந்தது விளங்கிவிட்டது. கடவுச்சொல்லை நுழையும் பக்கத்தில் மட்டும்தான் நிரல் கேட்டது. வரனின் பக்கம் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. view=office என்று எழுதி அனுப்பினால், அனுப்பியது சாரா, உத்தமபாளையத்து ஆசிரியையா என்று பார்க்காமல் கட்டத்தோடு கொடுத்துவிடும். தொடுப்பை மறைத்தால் போதும், முகவரியை யார் கையால் தட்டச்சு செய்யப் போகிறார்கள் என்று நினைத்துத்தான் எழுதினேன். அலுவலகத்தில் அச்சடித்த ஒவ்வொரு தாளும் அந்த முகவரியோடுதான் வெளியே போயிருக்கிறது. சொந்தக்காரர்கள் அதை ஜெராக்ஸ் எடுத்தார்கள். ஜோசியர் வீடுகளில் ஒன்றை விட்டுவிட்டு வந்தார்கள். இரண்டு வருடத் தாள்கள்.

நாளிதழில் கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சிட்டவர், வெளியிட்டவர் விவரம் ஒரு வரியில் இருக்கும். அதை யாரும் படிக்க மாட்டார்கள். துணை ஆசிரியர் படித்தாக வேண்டும். ஆறு வருடம் நான் அதைத் தினமும் படித்தேன்.

வீரபாண்டி வந்தபோது இன்னொன்று தோன்றியது. இதைச் சரிசெய்ய இரண்டு வரி போதும். வீட்டில் உட்கார்ந்து எழுதி ஏற்றிவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு அந்த முகவரியை யார் போட்டாலும் கட்டம் வராது. ஆசிரியை சொன்னது உண்மை என்று காட்ட வழி இருக்காது. சாருக்கு நிரல் படிக்கத் தெரியாது. தவறு நடந்ததாக எந்த ஆவணமும் இருக்காது, என் கைப்பையில் உள்ள பென்சில் புள்ளிகளைத் தவிர. அதைக் கிழிக்கவும் எத்தனை நேரமாகும்?

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நான் எதையும் செய்யவில்லை. சரிசெய்யவும் இல்லை, சொல்லவும் இல்லை. சாட்சிக்காகத்தான் அப்படியே விட்டு வைத்தேன் என்று பின்னால் சாரிடம் சொன்னேன். அது பாதி உண்மை. அந்த ஒரு நாளில் இன்னும் எத்தனை பேர் கட்டத்தைப் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை காலையில் தாளை சார் முன்னால் வைத்துச் சொன்னேன். அவர் கேட்டு முடித்துவிட்டு மின்விசிறியை நிறுத்தினார்.

"அவ வந்து உங்கிட்ட அழுதாளா?"

"இல்ல சார்."

"பொம்பளைக்குப் பொம்பளை விட்டுக் குடுக்க மாட்டீக. எனக்குத் தெரியும். நீ போனது அவளுக்கும் அவுகளுக்கும் என்ன பழக்கம்னு விசாரிக்க. வந்து, தப்பு உன்னோடதுங்குற. எவளாச்சும் தன் தப்பத் தானே தேடிக்கிட்டுப் போவாளா? நான் முப்பது வருசம் தாலுகா ஆபீஸ்ல இருந்தவன்மா."

"நீங்களே போட்டுப் பாருங்க சார்."

அலுவலகக் கணினியில் வேண்டாம், அதில் ஏற்கெனவே கடவுச்சொல் போட்டு உள்ளே இருப்போம் என்றேன். எதிர்வரிசையில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனோம். சார் கண்ணாடியை மாற்றிக்கொண்டு, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். ஆசிரியை வைத்த புள்ளிகள் அவருக்கும் உதவின. & குறியை நான் காட்ட வேண்டியிருந்தது. கடைசி எழுத்து விழுந்ததும் என்னைப் பார்த்தார். எண்டரை அழுத்துங்கள் என்றேன்.

புகைப்படம் மேலிருந்து கீழே மெதுவாக இறங்கி வந்தது. அதற்கு முன்பே மஞ்சள் கட்டம் வந்துவிட்டது. தன் வாக்கியத்தை அவர் உதடு அசையப் படித்தார். அடுத்த இருக்கையில் யாரோ ஒருவர் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தார். சார் திரையைத் தன் உடம்பால் மறைத்தார்.

"ரெண்டு வருசமா இப்பிடித் தெறந்தா கெடந்துச்சு?"

"ஆமா சார்."

"யாரு யாரு பாத்தாக?"

"தெரியாது சார். அந்தப் பதிவ நான் நிறுத்தி வச்சிருந்தேன்."

"அதையும் நீதானா" என்றார். அவ்வளவுதான் திட்டியது. படி ஏறும்போது, "அந்த நோட்டு?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

மறுநாள் அவளை வரச் சொன்னார். அவள் வந்து தன் நாற்காலியில் உட்காராமல் வாடிக்கையாளர்களுக்குப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் நடந்ததைச் சொன்னேன், நோட்டைத் திறந்தது உட்பட. சீட்டு கொடுத்தது உட்பட. அவள் முகம் மாறவில்லை. சார்தான் பொறுக்காமல் கேட்டார்.

"சரித்தா, அந்த நோட்டுல என்னதான் எழுதுற?"

"எத்தன பேப்பரு அடிச்சேன், யாருக்குக் குடுத்தேன்னு எழுதுறேன். கூடலூருக்கு ஒண்ணு, உத்தமபாளையத்துக்கு ரெண்டு. மாசா மாசம் பிரிண்டரு இங்க்க யாரு தீத்ததுன்னு என்னையத்தான கேக்குறீக? ஒருநா கணக்குக் கேட்டா காட்டணும்ல. அதான்."

சார் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். படிக்கட்டில் அவள் யாரிடம் பேசினாள் என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்கும் தகுதி அதற்குமேல் எனக்கு இல்லை. இன்றுவரை எனக்கு அது தெரியாது.

அந்த நோட்டை வைத்துத்தான் எந்தத் தாள் எந்த ஊருக்குப் போனது என்று பட்டியல் எடுத்தோம். சார் மொபெட்டில் கூடலூருக்குப் போய் வந்தார். நிச்சயம் நின்ற காரணத்தை அப்பா சொன்னாராம். ஆனால் எழுதிக்கொள்ள விடவில்லை. "கேக்குறவுகளுக்கு நானே சொல்லிக்கிறேன், உங்க கட்டத்த அழிச்சிருங்க" என்றாராம். அழித்தோம். உத்தமபாளையத்து இடம் திரும்பி வரவில்லை. தை மாதத்தில் பெரியகுளத்தில் வேறு இடம் அமைந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். எங்கள் மூலமாக அல்ல.

நான் நிரலைத் திருத்தினேன். மஞ்சள் கட்டத்தைக் காட்டும் முன் ஒவ்வொரு பக்கமும் தனித்தனியாக, வந்திருப்பது யார் என்று கேட்டது. முகவரியில் view=office என்று போட்டாலும் கட்டம் வரவில்லை. அச்சுத் தாளின் அடியில் முகவரி விழாதபடி பிரவுசரின் அமைப்பையும் மாற்றினேன். முடிந்தது என்று சொன்னேன். அவள் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"318னா கூடலூர்ப் பொண்ணு. சரி. நான் வெளியாளுன்னு வச்சுக்கிருவோம். 319னு மாத்திப் போட்டா?"

போட்டாள். 319 வந்தது. சின்னமனூர்ப் பெண். ஒரு மாதத்துக்கு முன்பு கல்யாணம் முடிந்துவிட்டது. பக்கத்தை எடுத்துவிடச் சொல்லி அந்த வீட்டார் சொல்லியிருந்தார்கள். பட்டியலிலிருந்து மட்டும்தான் நான் எடுத்திருந்தேன். புகைப்படமும் அப்பாவின் தொலைபேசி எண்ணும் அப்படியே இருந்தன. அவள் 320 போட்டாள். 321 போட்டாள். படியேறுவது போல ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருந்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு பெண் வந்தாள், அல்லது ஒரு பையன் வந்தான்.

"இதையும் நான்தான் தெறந்து விட்டேனாக்கா?" என்றாள். குரலில் கோபம் இல்லை. தட்டச்சில் ஓர் எழுத்து சந்தேகமாக இருந்தால் என்னிடம் கேட்பாளே, அந்தக் குரல்தான்.

அதைச் சரிசெய்ய எனக்கு ஒன்பது நாள் ஆனது. வரிசை எண்ணுக்குப் பதிலாக யாரும் ஊகிக்க முடியாத நீளமான குறியீடுகளை வைத்தேன். எடுக்கச் சொன்ன பக்கங்களை உண்மையிலேயே எடுத்தேன். யார் பார்க்கிறார்கள் என்ற பதிவை மறுபடி எழுத விட்டேன். ஒவ்வொரு நாளும் நான் முடித்ததை மறுநாள் காலையில் அவள் சோதித்தாள். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில், ஒன்றும் வரவில்லை என்று சொன்னாள். நல்ல வேலை என்று சொல்லவில்லை.

ஆனால் அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டாள். குடும்பங்களுக்கு அச்சடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு தாளையும் எடுத்து, ஸ்டீல் ஸ்கேலை அடியிலிருந்து ஒரு விரல் உயரத்தில் வைத்து அழுத்தி, அந்தப் பகுதியைக் கிழித்துவிட்டுத்தான் கொடுப்பாள். அங்கே இனிமேல் எதுவும் அச்சாகாது என்று இரண்டு முறை சொன்னேன். "சரிக்கா" என்றாள். கிழித்தாள். நோட்டை இப்போது மேசையில் வைப்பதில்லை, பையில் வைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் அவள் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போனதும் குப்பைக்கூடையிலிருந்து அந்தத் துண்டுகளில் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். வெறும் வெள்ளை. திருப்பிப் பார்த்தேன். பிறகு இன்னொன்றையும் எடுத்துப் பார்த்தேன்.